மூன்றாவது பலகை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டாவது பலகையும் கருகியது.

"கழட்டடா, வயரைக் கழட்டு!" என்று ஆரணி போட்ட கூச்சலில் அருட்செல்வன் பற்றரி வயரைப் பிடுங்கியே எறிந்துவிட்டான். பிடுங்கி என்ன செய்ய? மேசை நடுவில் கிடந்த பலகையிலிருந்து புகை எழும்பி, பள்ளிக்கூட விஞ்ஞானகூடம் முழுக்க எரிந்த பிளாஸ்ரிக் நாற்றம் பரவிவிட்டது.

நிவேதனா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வியாழக்கிழமை ஒன்று, இன்றைக்கு ஒன்று. இனி மிச்சம் ஒரேயொரு பலகையும் ஒரேயொரு சிப்பும்தான். நாளைக்குக் காலை எட்டு மணிக்கு யாழ்ப்பாணத்தில் மாகாணப் போட்டி.

திருக்கையை இதுவரை காணாதவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட ரோபோக் கழகத்துப் பிள்ளைகள் ஏழு மாதமாகப் பாடுபட்டுச் செய்த ரோபோவின் பெயர் அது. தட்டையாக, அகலமாக, நிலத்தோடு நிலமாக ஊர்ந்து போகும். திருக்கை மீன் வந்திறங்கும் மயிலிட்டித் துறைப் பிள்ளைகளுக்கு வேறென்ன பெயர் வாயில் வரும்? அதன் சக்கரங்களை ஓட்டுகிற செப்புப் பலகையைக் கடையில் வாங்கவில்லை. நிவேதனாதான் கணினியில் கோடு கோடாக வரைந்தாள். அதில் சிப்பையும் வயரையும் ஈயம் உருக்கிப் பொருத்தியவன் தேனுஜன்.

வாகீசன் சேர் கருகிய பலகையைக் குறட்டால் தூக்கிப் பார்த்தார். அவர் சத்தம் போடுகிற வாத்தியார் இல்லை. சத்தம் போட்டிருந்தால்கூடப் பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இதைச் சோல்டர் பண்ணினது ஆர்?"

"நான்தான் சேர்," என்றான் யன்னலோரம் நின்ற தேனுஜன்.

"வியாழக்கிழமையும் நீர்தானே?"

"ஓம் சேர்."

சேர் நிவேதனாவின் பக்கம் திரும்பினார். "வரைஞ்ச ஆள் என்ன சொல்லுறீர்?"

'தெரியேல்லை சேர்' என்று அவள் சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும். ஆனால் பயம் பிடித்த வாய் உண்மையைத் தேடிக்கொண்டு நிற்குமா?

"என்ரை படம் சரி சேர். நாலு தரம் பாத்தனான். சோல்டர்தான் எங்கையோ தவறிப் பட்டிருக்கு."

சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் தேனுஜன் தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. மூன்று கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவன் அவளை நேராகப் பார்த்தான். சோல்டர் கோலைத் தாங்கியில் வைத்தான், ஆளியைத் தட்டி மின்சாரத்தை நிறுத்தினான், பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

சேர் பெருமூச்சு விட்டார். "நாலு மணிக்கு அணியின்ரை பெயர்ப் பட்டியலை அனுப்ப வேணும். மூண்டு பேர்தான். ஆரணி, நீர் தேனுஜன்ரை இடத்துக்கு வாரும். நிவேதனா, மிச்சப் பலகையையும் சிப்பையும் வீட்டை கொண்டுபோய் வடிவாப் பாரும். எனக்குப் பின்னேரத்துக்குள்ளை ஒரு மறுமொழி வேணும்."

திருக்கையின் எலும்பு தோல் எல்லாம் செய்தவனின் பெயர் ஒரே வசனத்தில் போயிற்று.

*

தேனுஜன் யாரோ எவனோ என்றால் நிவேதனாவுக்கு இவ்வளவு நெஞ்சு அடித்திராது. அவன் அவளுக்கு மாமி மகன். அவளின் அப்பா நாகலிங்கத்தின் தங்கை யோகராணியின் பிள்ளை.

போரால் இடம்பெயர்ந்திருந்து மயிலிட்டிக்குத் திரும்பி வந்தபோது அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்துக் காணியில் வீடு கட்டி, நடுவில் தகரவேலி அடைத்து, ஆள் போய்வர அதில் பொட்டு என்று ஒரு இடைவெளியும் விட்டிருந்தார்கள். அந்தப் பொட்டால் கறிச்சட்டி போகும், பேப்பர் வரும், கணக்குப் பாடம் தெரியாத தேனுஜன் கொப்பியோடு வருவான். மாமியின் மூத்த மகள் நிரோஜா ஒருநாள் மருமகளாகவும் அதே பொட்டால்தான் வருவாள் என்று இரண்டு வீடும் நம்பிக்கொண்டிருந்தன. நிவேதனாவின் அண்ணன் சிவதர்ஷனுக்கு நிரோஜா என்பது நிரோஜா பிறந்த அன்றைக்கே நிச்சயமான கதை.

மூன்று கிழமைக்கு முன் சிவதர்ஷன் தகப்பனிடம் போய், "எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்," என்றான். ஏனென்று எத்தனை பேர் கேட்டும் வாய் திறக்கவில்லை. அன்றைக்குப் பின்னேரமே மாமி ஒரு தகரத்தை எடுத்துவந்து பொட்டை அடித்து மூடிவிட்டார். சுத்தியல் சத்தம் நாகலிங்கம் வீட்டுக் குசினி வரைக்கும் கேட்டது.

பெரியவர்கள் கோபித்தால் பிள்ளைகளுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். வந்ததே! ஒரே மேசையில் முழங்கை முட்ட இருந்துகொண்டு, "ஆரணி, அவனிட்டைக் குறட்டைத் தரச் சொல்லு," "ஆரணி, குறடு இஞ்சை இல்லையெண்டு அவளிட்டைச் சொல்லு," என்று மூன்று கிழமையாக நடந்தது. ஆரணி பாவம், தபாற்காரி ஆகிப்போனாள்.

*

வீட்டுக்கு வந்த நிவேதனா சோற்றைத் தொடவில்லை. மடிக்கணினியைத் திறந்து தன் படத்தை எடுத்தாள். பக்கத்தில் கருகிய பலகையை வைத்தாள். இடம் பிசகாத கோடுகள், சரியான தடிப்பு. அவன் உருக்கி வைத்த ஈயமும் மணி மணியாக, ஒன்றோடொன்று முட்டாமல் இருந்தது. இதில் எதைப் பிழை என்று சேரிடம் சொன்னாய் என்று அவள் மனம் அவளையே கேட்டது.

பிறகுதான் கண்டாள். படத்தில் பற்றரி பூட்டும் வாய் இடப்பக்கம். பலகையில் அது வலப்பக்கம்.

இந்தப் பலகை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படத்தை மினுங்கல் தாளில் அச்சடித்து, தாளைச் செப்புத் தகட்டின்மேல் கவிழ்த்து வைத்து அயன்பெட்டியால் அழுத்தினால் மை செப்பில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும். அதனால் அச்சடிக்க முன் கணினியில் படத்தை ஒரு முறை திருப்பிவிட வேண்டும். ஒரேயொரு முறை.

திருப்புவது தேனுஜனின் வேலை. சந்தியில் இருக்கிற அச்சுக்கடைக்குப் போகிறவன் அவன்தான். இரண்டு மாதத்துக்கு முன் ஒத்திகைப் பலகைக்கு அதை மறந்துபோனான். நிவேதனா விட்டாளா? எல்லாருக்கும் முன்னால், "உனக்கு மண்டை இருக்கோ, விசரா?" என்று கேட்டாள். அப்போது சிரித்து முடிந்த கதை அது. ஏனென்றால் அப்போது பொட்டுத் திறந்திருந்தது.

இந்த முறை அவனோடு கதை பேச்சு இல்லை. திருப்ப மறவாதே என்று ஆரணியிடம் சொல்லி அனுப்பவும் ரோசம் விடவில்லை. சரி, இவன் எப்படியும் மறப்பான், நாமே செய்துவிடுவோம் என்று படத்தைத் தானே திருப்பிச் சேமித்து, பென்டிரைவில் போட்டு ஆரணியிடம் கொடுத்துவிட்டாள்.

அப்படியென்றால் பலகை சரியாக வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஐயோ முருகா," என்றாள் நிவேதனா.

அவனும் திருப்பியிருக்கிறான்! இரண்டு பேரும் திருப்பினால் திருப்பாததற்குச் சமம். சிப்பின் கால்கள் எல்லாம் இடம்வலம் மாறி, பற்றரியின் முழு வலுவும் போகக்கூடாத காலுக்குப் போயிருக்கிறது. பத்துச் சிப் பூட்டினாலும் பத்தும் கருகும். அவன் சோல்டரில் ஒரு குற்றமும் இல்லை.

தேனுஜனுக்கு அழைப்பெடுத்தாள். மூன்று முறை அடித்து நின்றது. நாலாம் முறை அடிக்கவே இல்லை.

நேரம் மூன்று நாற்பது. நாலு மணிக்குப் பெயர்ப் பட்டியல் போய்விடும். சேருக்கு இப்போதே சொல்லலாம். ஆனால் அவனும் திருப்பினானா என்று தெரியாமல் என்னத்தைச் சொல்வது? காலையில் தெரியாமல் ஒன்று சொன்னது காணாதா?

அவள் பலகையையும் சிப்பையும் பையில் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

"எங்கை வெளிக்கிட்டிட்டாய்?" கமலாவதி குசினி வாசலில் நின்றார்.

"மாமி வீட்டை, அம்மா."

"உனக்கென்ன விசரோ? அவ தகரம் அடிச்சு மூடினவ. போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வரப்போறியோ? அப்பா துறைமுகத்தாலை வந்தால் நான் என்ன சொல்லுறது?"

"நான் பிழை செய்திட்டன் அம்மா. தேனுஜன்ரை பேர் போகப்போகுது."

முற்றத்தில் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த சிவதர்ஷன் தலை நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று அவள் ஒரு கணம் நின்றாள். அவன் மறுபடி குனிந்துவிட்டான். மூன்று கிழமையாக அவனுக்கு இதே வேலைதான்.

*

றோட்டால் சுற்றிப்போய், யாரோ அந்நியவள் போல முன்படலையைத் திறந்து உள்ளே போனாள் நிவேதனா. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்து பார்த்தார். வாளியைத் தொப்பென்று வைத்தார்.

"என்ன, வழி தவறி வந்திட்டியோ?"

"தேனுஜனோடை கதைக்க வேணும் மாமி."

"காலமை பள்ளிக்கூடத்திலை கதைச்சது காணாதோ? வந்த நேரந்தொட்டு என்ரை பிள்ளை ஒரு வாய் தண்ணி குடிக்கேல்லை. அண்ணன் ஒண்டை அழ வைச்சான். தங்கச்சி மற்றதை அழ வைக்கிறாள். நல்ல குடும்பமடியம்மா!"

"நான் ஒண்டும் அழேல்லை," என்று உள்ளேயிருந்து தேனுஜனின் குரல் வந்தது.

வேறொரு நாளென்றால் நிவேதனா சிரித்திருப்பாள். இன்றைக்கு அவளுக்குக் கண்ணீர்தான் வந்தது. "நான் சேரிட்டைச் சொன்னது பிழை மாமி. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

தேனுஜன் வாசலுக்கு வந்தான். அவனுக்குப் பின்னால், கதவு நிலையோடு சாய்ந்தபடி நிரோஜா வந்து நின்றாள். மெலிந்துபோயிருந்தாள். நிவேதனாவால் அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"தேனு, கடையிலை படத்தைத் திருப்பினியோ?"

"திருப்பாமல்? போன முறை மறந்ததுக்கு எல்லாருக்கும் முன்னாலை விசரன் எண்டனி. இந்த முறை மறக்கப்படாதெண்டு உள்ளங்கையிலை எழுதிக்கொண்டு போனனான்."

"நானும் திருப்பிப்போட்டுத்தான் தந்தனான்."

தேனுஜன் அப்படியே நின்றான். அவன் முகத்தில் கணக்கு ஓடி முடிவதை அவள் பார்த்தாள்.

"நீயுமோ?"

"ஓம்."

"ஏனடி சொல்லேல்லை?"

"ஆரிட்டைச் சொல்லுறது?"

அவன் தலையைச் சொறிந்தான். "பற்றரி வாய் வலப்பக்கம் வந்திருந்ததை நானும் கண்டனான். நீ மாத்தி வரைஞ்சிருக்கிறியாக்கும் எண்டு விட்டிட்டன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே!"

"ஆரைக் கேக்கிறது?" என்றான் அவனும்.

மாமி ஈரக் கையைச் சீலையில் துடைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பலகை விஷயம் அவருக்கு விளங்கியதோ இல்லையோ, மற்றது நன்றாக விளங்கியது. அவர் கண் தகரம் அடித்த பொட்டின் பக்கம் போய் வந்தது.

நாலு மணியாக இன்னும் ஒன்பது நிமிடம். நிவேதனா அங்கேயே நின்று, எல்லாருக்கும் கேட்க, சேருக்கு அழைப்பெடுத்தாள்.

"சேர், தேனுஜன்ரை சோல்டரிலை பிழையில்லை. படத்தை ரெண்டு பேரும் திருப்பிப்போட்டம். அவன்ரை வேலையை அவனுக்குச் சொல்லாமல் நான் செய்ததுதான் பிழை. பேந்து அவனிலை பழியைப் போட்டதும் நான்தான்."

சேர் பலகையைப் பற்றித்தான் முதலில் கேட்டார். "அப்ப மூண்டாவது பலகையும் அதே படந்தானே? அதுவும் குப்பையோ?"

தேனுஜன் அவள் பையிலிருந்து பலகையை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "குப்பை இல்லை சேர்!" என்று தொலைபேசிக்குக் கிட்ட வந்து கத்தினான். "சிப்பை மேலாலை செருகாமல் செப்புப் பக்கத்தாலை செருகினால் எல்லாக் காலும் சரியான இடத்துக்கு வரும். சோல்டர் பண்ணுறது கொஞ்சம் நெருக்கம். ஆனா நான் செய்வன்."

"ஒரு சிப்தான் இருக்கு, தேனுஜன்."

"தெரியும் சேர்."

"சரி. ஆனா இன்னொண்டு இருக்கு. ஆரணியைப் போட்டாச்சு. அந்தப் பிள்ளை வீட்டுக்கும் சொல்லிப்போட்டுது, இனி நிப்பாட்டுறது அழகில்லை. அருட்செல்வன்தான் நிரல் எழுதினவன், அவன் இல்லாமல் ஓடாது. தேனுஜனைச் சேர்க்கிறதெண்டால் நான் ஆரை எடுக்கிறது?"

சேர் கேட்டு முடிக்கவில்லை. "என்ரை பேரை எடுங்கோ சேர்," என்றாள் நிவேதனா.

"உனக்கு விசரோ?" என்றான் தேனுஜன்.

"அங்கை ஒரு வயர் விட்டாலும் நிண்ட நிலையிலை ஒட்ட உன்னாலைதான் ஏலும். நான் வந்து என்ன செய்ய? படம் வரைஞ்சு முடிஞ்சுது."

"பிள்ளை, யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?" சேரின் குரல் இறங்கியிருந்தது.

"காலமை யோசியாமல் சொன்னனான் சேர். இப்ப யோசிச்சுத்தான் சொல்லுறன்."

தொலைபேசியை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஏழு மாதம்! நாளைக்குத் திருக்கை ஓடும்போது அவள் மக்களோடு மக்களாகக் கதிரையில் இருந்து பார்க்க வேண்டும். நினைக்க நெஞ்சு எரிந்தது. ஆனாலும் பையிலிருந்து சிப்பை எடுத்துத் தேனுஜனிடம் நீட்டினாள்.

*

மாமி வீட்டு மண்டப நிலத்தில் வேலை நடந்தது. நிவேதனா குறட்டால் பலகையைப் பிடித்தாள். தேனுஜன் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, பதினாறு காலில் ஒவ்வொன்றாக ஈயம் வைத்தான். ஏழாவது காலில் ஈயம் பக்கத்துக் காலுக்கும் ஓடிவிட்டது.

"ஆட்டாதை!"

"நான் ஆட்டேல்லை. நீதான் மூச்சு விடுறாய்."

"மூச்சு விடாமல் சாகவோ?"

அவன் அந்த ஈயத்தை உறிஞ்சி எடுத்து மறுபடி வைத்தான். முகம் முழுக்க வியர்வை. மாமி பேசாமல் மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

பதினாறும் முடிந்தது. தேனுஜன் வீட்டில் வைத்திருந்த பழைய மோட்டரைப் பூட்டினார்கள். பற்றரி வயர் நிவேதனாவின் கையில் இருந்தது. இது கருகினால் நாளைக்கு யார் பெயர் இருந்தும் ஒன்றுதான்.

"வை," என்றான் அவன்.

"நீ வை."

"சனியன், ஆராவது வையுங்கோவன்!" என்றார் மாமி.

நிவேதனா கண்ணை மூடிக்கொண்டு வயரை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. புகை இல்லை, நாற்றமும் இல்லை. பிறகு 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது மோட்டர் நிலத்தில் துள்ளித் துள்ளிச் சுழன்றுகொண்டிருந்தது. தேனுஜன் மல்லாக்கப் படுத்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "அம்மா, பசிக்குது!" என்றான்.

மாமி குசினிக்குப் போகிற போக்கில், நிவேதனாவைப் பாராமலே, "உனக்கும் போடுறன், இருந்து தின்னு," என்றார். அதைவிட இறங்கி வர அவருக்கு இன்றைக்கு முடியாது.

சாப்பிட்டு முடித்து வெளிக்கிட்டவளைப் படலை வரைக்கும் கூட்டிவந்தவள் நிரோஜா. அவள் படலைத் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிவே, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ மச்சாள்."

"பிழை எண்டு தெரிஞ்ச உடனை நீ வந்து மூஞ்சிக்கு நேரை சொன்னாய். அரை நாள்கூட ஆகேல்லை." நிரோஜா படலைத் தடியை நகத்தால் கீறினாள். "உன்ரை அண்ணை மாமாட்டைச் சொன்னார். மாமா அம்மாட்டைச் சொன்னார். அம்மா ஊருக்கே சொல்லிப்போட்டா. எனக்கு மட்டும் ஆரும் சொல்லேல்லை. நான் அயலிலை உள்ள சனத்தின்ரை பேச்சிலைதான் அறிஞ்சனான். சின்ன வயசிலையிருந்து அவர் எனக்குச் சொல்லாத கதை இல்லை, நிவே. வேண்டாம் எண்டால் வேண்டாம். நான் என்ன காலைப் பிடிக்கவே போறன்? அந்த ஒரு சொல்லை எனக்குச் சொல்ல அவருக்கு வாய் இல்லையோ?"

"அண்ணையைக் கேக்கிறன் மச்சாள்," என்றாள் நிவேதனா.

*

வீட்டில் சிவதர்ஷன் எஞ்சினை மறுபடி பூட்டிக்கொண்டிருந்தான். பொழுது சாய்ந்துகொண்டு வந்தது.

"அண்ணை."

"பலகை ஓடுதோ?" அவன் நிமிராமலே கேட்டான்.

"ஓடுது. தேனுதான் நாளைக்குப் போறான். நான் போகேல்லை."

அவன் கை நின்றது. "ஏன்?"

"பிழை என்னிலை. அதை விடுங்கோ." அவள் அவனுக்கு முன்னால் குந்தினாள். "நிரோஜா மச்சாள் ஒண்டு கேட்டவ. எல்லாருக்கும் சொன்னியளாம், தனக்கு மட்டும் இன்னும் சொல்லேல்லையாம். ஏனாம்?"

சிவதர்ஷன் கையிலிருந்த சாவியை நிலத்தில் வைத்தான். முகம் வெளிறிப்போயிற்று. "ஆர் கேட்டது? மாமியோ?"

"மச்சாள்தான். தன்ரை வாயாலை."

அவன் எழும்பி, குழாயடியில் சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் எண்ணெயைக் கழுவினான். கொடியில் காய்ந்த சேர்ட்டை எடுத்துப் போட்டான். குசினியிலிருந்து கமலாவதி ஓடிவந்தார்.

"எங்கையடா போறாய்?"

"மாமி வீட்டை."

"ஐயோ, அங்கை போய் என்ன சொல்லப்போறாய்? அந்தப் பிள்ளையின்ரை முகத்துக்கு நேரை வேண்டாம் எண்டு சொல்லப்போறியோ?"

சிவதர்ஷன் படலையைத் திறந்தவன் திரும்பிப் பார்த்தான்.

"இல்லை. அவளுக்கு முன்னாலை நிண்டு வேண்டாம் எண்டு சொல்ல என்னாலை ஏலுமெண்டால், முதல் நாளே அவளிட்டைச் சொல்லியிருப்பன் அம்மா."